ஞாயிறு காலையில் சாலை யாருக்கு?

2013-ஆம் ஆண்டு நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தில்லியை அடுத்த குர்கான் நகரில் சில கிலோமீட்டர் நீளச் சாலை அன்று காலை கார்களுக்கு அடைக்கப்பட்டது. விபத்தோ, ஊர்வலமோ, தலைவர் எவரின் வருகையோ அதற்குக் காரணமன்று. குடிமக்கள் சிலரும் தன்னார்வ அமைப்புகளும் நகராட்சியும் காவல்துறையும் ஒன்றுகூடி எடுத்த முடிவு அது: வாரத்தில் ஒரு காலைப்பொழுது அந்தச் சாலை நடப்பவர்களுக்கும், ஓடுபவர்களுக்கும், மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும், பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்கட்டும் என்பதே. இதற்கு 'ராஹ்கிரி' என்று பெயர் வைத்தார்கள். வழிப்போக்கரைக் குறிக்கும் 'ராஹ்கீர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

குர்கானை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வானளாவிய அலுவலகங்களும் அங்காடி வளாகங்களும் நிறைந்த அந்நகரம் காரில் செல்பவரை மனத்தில் வைத்தே எழுப்பப்பட்டது. நகரின் குறுக்கே தேசிய நெடுஞ்சாலை பாய்கிறது. நடைபாதை தொடங்கும் இடத்திலேயே முடிந்துபோகும். அத்தகைய ஊரில்தான் இந்தியாவின் முதல் தொடர்ச்சியான 'காரில்லாச் சாலை' முயற்சி வேர்விட்டது. அடுத்த ஆண்டே தில்லியின் கன்னாட் பிளேஸுக்கும் மும்பையின் பாந்த்ரா பகுதிக்கும், போபால், புவனேசுவரம் போன்ற நகரங்களுக்கும் இது பரவியது. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையும் கோவைப் பந்தயச் சாலையும் இத்தகைய ஞாயிறுகளைக் கண்டன.

பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில், இவற்றில் எத்தனை இன்றும் வாரந்தவறாமல் நடைபெறுகின்றன என்று பார்த்தால் மகிழ்வதற்கு அதிகமில்லை. சில நின்றுபோயின, சில ஆண்டுக்கு ஓரிரு முறை நடக்கும் கொண்டாட்டமாகச் சுருங்கின. நல்ல திட்டம் ஒன்று ஏன் இப்படித் தேய்ந்தது, அதை மீட்க இயலுமா என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது. மீட்க இயலும், மீட்கவும் வேண்டும் என்பது நம் கருத்து.

இம்முயற்சியின் தாய்வீடு தென்னமெரிக்காவில் உள்ளது. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1974 டிசம்பரில் ஆர்வலர் சிலர் சாலைகளைச் சில மணி நேரம் மிதிவண்டிகளுக்காகக் கேட்டு வாங்கினர். ஸ்பானிய மொழியில் 'சிக்லோவியா', அதாவது மிதிவண்டி வழி என்று அது பெயர் பெற்றது. ஒருநாள் கூத்தாக முடிந்திருக்கக்கூடிய அந்நிகழ்ச்சி, நகர நிருவாகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதால் அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. இன்று ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பொது விடுமுறையும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் அந்நகரில் மக்களுக்காகத் திறந்துவிடப்படுகின்றன. பல இடங்களில் சாலை முழுவதும் அடைக்கப்படுவதில்லை. இருபுறச் சாலையின் ஒரு பாதி மக்களுக்கு, மறு பாதி வாகனங்களுக்கு. குறுக்குச் சாலைகள் சந்திக்கும் இடங்களில் பணியாளர்கள் நின்று இரு தரப்பையும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். வழியிலுள்ள பூங்காக்களில் கட்டணமின்றி உடற்பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. செல்வர் குடியிருப்பையும் உழைப்பாளர் குடியிருப்பையும் ஒரே வழி இணைக்கிறது. இந்த இறுதிச் செய்திதான் நம் நகரங்கள் கவனிக்கத் தவறியது.

வங்கி இதழொன்றில் எழுதும்போது வரவு செலவைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பொகோட்டா உள்ளிட்ட நான்கு நகரங்களின் ஞாயிற்றுச் சாலைகளைக் கணக்கிட்டு ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பொகோட்டாவில் பங்கேற்பவர் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 6 டாலர். அங்கே செலவிடப்படும் ஒவ்வொரு டாலருக்கும், மக்கள் உடலை அசைப்பதால் மிச்சமாகும் மருத்துவச் செலவு 3.23 முதல் 4.26 டாலர் வரை. மெக்சிகோவின் குவாதலஹாராவில் இது 1.02 முதல் 1.23 வரை. ஆனால் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஆள் ஒருவருக்குச் செலவு 70.5 டாலர். பொகோட்டாவைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம்! அந்நகரம் வாரந்தோறும் நடத்தவில்லை. ஆண்டில் சில ஞாயிறுகள் மட்டுமே நடத்தியது. ஊர்களின் விலைவாசி வேறுபாடு ஒருபுறம் இருக்க, அடிக்கடி நடப்பது மலிவாகிறது, அரிதாக நடப்பது விலையேறுகிறது என்பதையே இதிலிருந்து நாம் படித்துக்கொள்கிறோம். தடுப்புகளைக் கொண்டுவருவதும், காவலர்க்குப் பயிற்சியளிப்பதும், ஊராருக்கு அறிவிப்பதும் முதல் சில வாரங்களில்தான் பெருஞ்செலவு. பழகிய பிறகு கடைக்காரர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை அனைவரும் தாமே அதற்கேற்ப நடந்துகொள்வர். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் செலுத்தி வருபவருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

உடற்பயிற்சிக்கு நகரத்தின் நடுச்சாலைதான் வேண்டுமா, பூங்கா இல்லையா, வீட்டு மாடி இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஆண்களில் 42 விழுக்காடு; பெண்களில் 57 விழுக்காடு. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்பதாகவும் கூறுகிறது. இத்தனை பேரையும் உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டச் சொல்ல முடியாது.

பூங்காவும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. பல பூங்காக்களில் மிதிவண்டிக்கும் பந்துக்கும் தடை. சிலவற்றில் ஓடுவதற்கும் தடை. ஆண்களின் எண்ணிக்கைக்கும் பெண்களின் எண்ணிக்கைக்கும் இடையே மேலே கண்ட 15 விழுக்காட்டு இடைவெளிக்குச் சோம்பல் காரணமன்று. காலையில் அடுப்படி, பிள்ளைகள், முதியவர்கள். வெளியே வந்தால் தனியாக நடக்கும் அச்சம், பார்ப்பவர்களின் பார்வை. பத்துப் பெண்கள் நடக்கும் சாலையில் பதினோராவது பெண் தயங்காமல் இறங்குவாள். ஆயிரம் பேர் நடக்கும் சாலையில், நாற்பது வயதுக்குமேல் மிதிவண்டி கற்கவும் ஒருத்தி துணிவாள். கூட்டமே அங்கே பாதுகாப்பு. உலக நல்வாழ்வு நிறுவனம் வயதுவந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலசைவைப் பரிந்துரைக்கிறது. ஞாயிறன்று இரண்டு மணி நேரம் சாலையில் நடந்தால் அதில் 120 நிமிடம் அடைந்துவிடுகிறது. எஞ்சிய முப்பது நிமிடத்தை வாரத்தின் ஆறு நாட்கள் பார்த்துக்கொள்ளும்.

ஆயினும் இதை வெறும் உடற்பயிற்சித் திட்டமாகக் கருதினால் பாதியைத்தான் கண்டவர்களாவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கார் வைத்திருக்கும் இந்தியக் குடும்பங்கள் 7.5 விழுக்காடு மட்டுமே. மிதிவண்டி வைத்திருப்பவை ஏறத்தாழப் பாதி. ஆனால் எந்த நகரத்தில் வேண்டுமானாலும் சாலையை அளந்து பாருங்கள்: ஓடும் கார்களும் நிற்கும் கார்களும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய ஓரத்தில்தான் மற்றவர்களின் வாழ்க்கை நகர்கிறது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-இல் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாள்தோறும் தொண்ணூறு பேர் வீட்டிலிருந்து நடந்து புறப்பட்டுத் திரும்பவில்லை. 2006-ஆம் ஆண்டிலேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகர்த்த வேண்டியது மனிதரையே அன்றி வாகனத்தையன்று என்று தெளிவாக வகுத்துவிட்டது. கொள்கை நன்று, சாலைதான் அதைப் படிக்கவில்லை.

சாலையை அடைப்பது நமக்குப் புதிதுமன்று. தேரோட்டத்துக்கு வீதியைத் திறந்துவிட்டுத்தான் ஊரே கூடுகிறது. கொல்கத்தாவில் துர்கா பூசைக்கும், மும்பையில் பிள்ளையார் கரைப்புக்கும், தலைநகரில் குடியரசு நாள் அணிவகுப்புக்கும் வாகனங்கள் வழிமாறிச் செல்கின்றன. அவற்றுக்கு முணுமுணுக்காத நாம், ஒரு சிறுமி சக்கரப் பலகையில் சறுக்க வேண்டும் என்பதற்காகச் சாலையை அடைக்கிறார்கள் என்றால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

அப்படியானால் எங்கே பிழை நேர்ந்தது? முதலில் மேடை வந்தது. பிறகு மேடைக்கு ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிக்கு விளம்பரதாரர், விளம்பரதாரருக்குக் கூட்டம், கூட்டத்துக்கு நட்சத்திரம். நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினர். நகரத்தின் வேறு மூலைகளிலிருந்து காரில் வந்து, அடுத்த தெருவில் நெருக்கடித்து நிறுத்திவிட்டு, காரில்லாச் சாலையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்களும் உண்டு. ஞாயிறு காலையில் சற்று நேரம் கூடுதலாக உறங்க விரும்பிய குடியிருப்பாளர்களுக்குத் திரைப்பாடல் எதிரியாயிற்று. 2014 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் தொடங்கிய 'சமச் சாலைகள்' முயற்சி அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் நிலைக்க முடியவில்லை. கன்னாட் பிளேஸில் வணிகர்கள் தங்கள் வியாபாரம் பாதிக்கப்படுவதாக முறையிட்டனர். அவர்கள் அனைவரையும் காருக்கு அடிமைகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நேர்மையன்று. இரைச்சலைப் பற்றிய புகார் உண்மையான புகார். சாலையைக் காரின் இரைச்சலிலிருந்து மீட்டு ஒலிபெருக்கியின் இரைச்சலுக்குக் கொடுத்தால், நோயாளி இருக்கும் வீட்டுக்கு அதனால் என்ன பயன்?

மற்றொரு பிழை இடத்தேர்வு. நம் நகரங்கள் பெரும்பாலும் அழகான கடற்கரைச் சாலையையோ, பெயர்பெற்ற வணிக வீதியையோ, மரங்கள் அடர்ந்த வசதியான குடியிருப்பையோதான் தேர்ந்தெடுத்தன. அங்கு வாழ்வோருக்கு நடக்க ஏற்கெனவே இடம் உண்டு. ஒற்றை அறை வீடுகள் நெருங்கிய பகுதியில், பள்ளி மைதானம்கூட இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பெருஞ்சாலை நான்கு மணி நேரம் கிடைப்பதற்கும், கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவருக்கு இன்னுமொரு நடைவழி கிடைப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஆகவே நாம் வேண்டுவது விழாவை அன்று, ஒரு வழக்கத்தை. மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். அரை கிலோமீட்டர்ச் சதுக்கமாக இல்லாமல், நான்கைந்து பேட்டைகளை ஊடுருவிச் செல்லும் நீண்ட கோடாக அது அமைய வேண்டும். நின்று பார்ப்பதற்கு ஏதுமில்லாத நீளம் இருந்தால் மனிதர்கள் தாமாகவே நடப்பர். அகலமான சாலைகளில் பொகோட்டாவைப் போல் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒன்று: 'ஒவ்வொரு ஞாயிறும்' என்ற சொற்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டாம் ஞாயிறு உண்டு, நான்காம் ஞாயிறு இல்லை என்றால் எந்த வாரம் என்று எவருக்கும் நினைவிருக்காது. சாலை திறந்திருக்குமா என்று விசாரித்துவிட்டு எவரும் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவதில்லை.

தடைகள் இல்லாமல் இல்லை. பேருந்தை நம்பி வாழ்பவர்கள் காரில்லாதவர்கள்தாம். வழிமாற்றத்தின் சுமையை அவர்கள் தலையில் ஏற்றினால் இம்முயற்சியின் அறமே கெடும். எனவே பேருந்துத் தடத்தை மறித்துச் சாலையைத் திறக்கக் கூடாது. ஒரு பாதியில் பேருந்து ஓடட்டும். அவசர ஊர்திக்கு வழி எப்போதும் இருக்க வேண்டும். இதில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்: கார்கள் அடைத்த சாலையைவிட மனிதர்கள் நிறைந்த சாலை விரைவாக விலகும். தேவாலயத்துக்குச் செல்லும் முதியவர்கள், திருமண மண்டபத்துக்கு வருவோர், சாலையோர வீடுகளில் வாழ்வோர் ஆகியோருக்கு மெதுவாக உள்ளே சென்று வரும் இசைவு தரப்பட வேண்டும். வங்கித் தேர்வுகள் உள்ளிட்ட பல போட்டித் தேர்வுகள் ஞாயிறு காலையில்தான் நடைபெறுகின்றன. வெளியூரிலிருந்து வந்து, தேர்வு மையத்தைத் தேடி அலையும் இளைஞர் ஒருவர் அடைத்த சாலையின் முன் திகைத்து நிற்பது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. எந்தச் சாலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது நகரெங்கும் நிலையான பலகைகளில் எழுதப்பட்டிருந்தால் இது நேராது. இதற்கும் மருந்து அதே ஒழுங்குதான்: மாறாத நாள், மாறாத நேரம்.

வணிகர்களின் அச்சத்தைப் பொறுத்தவரை, கடைத்தெருக்களின் பட்டறிவை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். சிக்கிமின் காங்டாக்கில் மகாத்மா காந்தி சாலை நெடுநாளாக வாகனமின்றி இருக்கிறது. அந்நகரின் மிகவும் விரும்பப்படும் கடைவீதியும் அதுவே. தில்லியின் சாந்தினி சௌக்கில் செங்கோட்டை முதல் பதேபுரி மசூதி வரையிலான ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் 2021-இல் செப்பனிடப்பட்டது. அங்கே காலை 9 முதல் இரவு 9 வரை இயந்திர வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. விதியை மீறி நுழையும் இருசக்கர வண்டிகள் அங்கு ஓயாத தலைவலி என்பதும் உண்மை. கார் கடையை வேகமாகக் கடந்து செல்கிறது; கடையில் நுழைவதோ மனிதர். இது தவிர, தள்ளுவண்டிக்காரர்களை மறந்துவிடக் கூடாது. இளநீர், சுண்டல், காய்கறி விற்போருக்கு ஞாயிற்றுச் சாலை நல்ல வியாபாரம் தரும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை வழங்கியிருக்கிறது. விளம்பரதாரரின் கூடாரத்துக்கு இடமளிக்கும்பொருட்டு அவர்களை அப்புறப்படுத்திய நிகழ்ச்சி எதுவும் மக்கள் நிகழ்ச்சி ஆகாது.

வாரத்தில் நான்கு மணி நேரம் மட்டும் கிடைத்து என்ன ஆகப்போகிறது, எஞ்சிய நேரமெல்லாம் அதே சாலைதானே என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். விபத்தில் நொறுங்கிய உடல்களை நாள்தோறும் கண்ட ஒருவரின் வழக்கு அது. அவ்வழக்கில் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. உரிமை என்றால் ஏழு நாட்களுக்கும் உரிமையே. ஞாயிற்றுச் சாலை அதற்கு மாற்று ஆகிவிடக் கூடாது. ஆனால் நடைபாதையே இல்லாத சாலையில் வாழ்ந்து பழகிய தலைமுறைக்கு, தாம் இழந்திருப்பது என்னவென்றே தெரியாது. ஒரு காலையில் அச்சாலையின் நடுவே கைவீசி நடந்தவர்கள், திங்கட்கிழமை அதே இடத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்கும்போது கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். ஒன்றிய அரசு 2020-இல் மிதிவண்டிக்கும் நடையாளருக்கும் உகந்த தெருக்களை அமைக்க நகரங்களிடையே போட்டித் திட்டங்களை அறிவித்தபோது, வரைபடம் வரைய வல்லுநர்கள் கிடைத்தார்கள். நடைபாதை எங்களுக்கு வேண்டும் என்று கேட்க வார்டுதோறும் மக்கள் கிடைத்தார்களா என்பதே ஐயம்.

தொடங்க விரும்பும் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு சொல். முதல் நான்கு வாரங்களில் வருவோர் குறைவாகவே இருப்பர். அதைக் கண்டு ஆட்டம் பாட்டம் ஏற்பாடு செய்துவிட வேண்டாம். போக்குவரத்துக் காவல்துறையிடமும் மாநகராட்சியிடமும் அனுமதி கேட்கும்போதே மூன்று மாதங்களுக்குச் சேர்த்துக் கேளுங்கள். அச்சாலையில் உள்ள மருத்துவமனை, வழிபாட்டிடம், தேர்வு மையம் ஆகியவற்றை முன்னதாகவே சென்று கண்டு பேசுங்கள். மிதிவண்டி இல்லாத பிள்ளைகளுக்கு வாடகையின்றிக் கொடுத்து வாங்கப் பத்து வண்டிகள் இருந்தால், ஒலிபெருக்கிக்கு ஆகும் பணம் அதற்கே செலவாகட்டும். ஞாயிறன்று மூடிக் கிடக்கும் வங்கிக் கிளைகளின் முன்புற முற்றம் அந்த வண்டிகளை நிறுத்தவும், ஒரு குடிநீர்ப் பானை வைக்கவும் போதுமானது. உங்கள் கிளை மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.